சின்னச் சென்சாரும் பழைய கண்ணாடியும்

"அண்ணே, எங்க அப்பாவோட நிக்கான் லென்ஸ் வீட்ல சும்மாதான் கிடக்குது. இதுல போடலாமா?" சிறிய சென்சார் வீடியோ கேமரா வாங்கிய பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். போடலாம். தாராளமாகப் போடலாம். ஆனால் அந்த லென்ஸ் பெரும்பாலும் 50 மி.மீ. ஆக இருக்கும். மாட்டிப் பார்த்ததும் அடுத்த கேள்வி வரும்: "ஏண்ணே இவ்ளோ கிட்ட வருது?"

ஆவணப்படங்களுக்கு நான் பல வருடங்களாகப் பயன்படுத்துவது 2013இல் வந்த பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா. அதன் சென்சார் 12.48 மி.மீ. அகலம், 7.02 மி.மீ. உயரம். ஏறக்குறைய சூப்பர் 16 ஃபிலிம் சட்டத்தின் அளவு. அப்பா காலத்து நிக்கான் லென்ஸோ 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ள ஃபிலிமுக்காகச் செய்தது. லென்ஸ் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்து அந்தப் பெரிய வட்டத்தை உள்ளே வீசுகிறது. அதன் நடுவில் ஒரு சிறு துண்டைத்தான் சென்சார் எடுத்துக்கொள்கிறது.

கிராப் ஃபேக்டர், அதை எதனால் பெருக்குவது என்று பையன்களைக் குழப்புவதை நான் விட்டுவிட்டேன். ஃபுல் ஃபிரேம் கேமராவையே தொடாதவனுக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்? நான் சொல்லித்தருவது வேறு. இந்தக் கேமராவில் 12.5 மி.மீ. லென்ஸ் எவ்வளவு தூரமோ அவ்வளவு அகலம் பார்க்கும். 10 அடி தள்ளி நின்றால் 10 அடி அகலம். 25 மி.மீ. என்றால் அதில் பாதி. 50 மி.மீ. என்றால் கால்வாசி. இது மனதில் இருந்தால் லொகேஷனில் கால் வைத்ததுமே எந்த லென்ஸ் என்று தெரிந்துவிடும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரை முழு அகலத்துக்கும் பயன்படுத்தும் பானசோனிக் கேமரா என்றால் 12.5க்குப் பதில் 17 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்தில் குழித்தறி போட்ட வீடுகளுக்குள் போனவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். தறிக்கும் சுவருக்கும் நடுவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றால் 6 அடி கிடைக்கும். அங்கே 50 மி.மீ. லென்ஸ் காட்டுவது ஒன்றரை அடி. நாடா ஓடும் கையும் பாவில் ஒரு பட்டையும் தெரியும். அது அழகான ஷாட்தான். ஆனால் நெசவாளர் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பதும், மேலே ஜக்கார்டு அட்டைகள் தொங்குவதும், வாசல் வெளிச்சம் பாவின் மேல் விழுவதும் ஒரே சட்டத்தில் வரவேண்டுமானால் 12 மி.மீ. அல்லது அதற்கும் கீழே வேண்டும். நெருக்கமான ஷாட்டுக்கு எந்தப் பழைய லென்ஸும் உதவும். சின்னச் சென்சாரில் பஞ்சம் எப்போதும் வைடுக்குத்தான். லென்ஸ் தேடலை அந்த முனையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வைடுக்கு வழிகள் சில உண்டு. இந்தக் கேமராவில் இருக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்டுக்கென்றே செய்த மேனுவல் லென்ஸ்கள் ஒரு வழி. ஃபோக்ட்லேண்டர் 10.5 மி.மீ., 17.5 மி.மீ. இரண்டுமே எஃப் 0.95. எஸ்எல்ஆர் மேஜிக்கின் 12 மி.மீ. டி 1.6. நல்ல கண்ணாடிகள். விலையும் அதற்கேற்றபடி.

இன்னொரு வழி, 16 மி.மீ. சினிமாக் கேமராக்களின் சி மவுண்ட் லென்ஸ்கள். பொலெக்ஸ் கேமராவோடு வந்த ஸ்விட்டார் லென்ஸை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் திருப்பிக் கொடுக்க மனசு வராது. அவ்வளவு நேர்த்தியான வேலை. ஆனால் அவை பார்த்துப் பழகிய சட்டம் 10.26 மி.மீ. அகலம்தான். நம் சென்சார் 12.48. குறுகிய குவியத்தூரமுள்ள லென்ஸ்களில் நான்கு மூலையும் இருட்டிவிடும், 25 மி.மீ.க்கு மேலே போனால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆர்எக்ஸ் என்று பொறித்தவை பொலெக்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராவுக்குள் இருக்கும் பிரிசத்தைக் கணக்கில் வைத்துச் செய்தவை. பிரிசம் இல்லாத நம் கேமராவில் முழுக்கத் திறந்து வைத்தால் கூர்மை கொஞ்சம் இளகும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சிசிடிவிக்கு விற்கிற லென்ஸ்களும் சி மவுண்டில் வருகின்றன, விலை சொற்பம். அவற்றில் பெரும்பாலானவை நம்முடையதைவிடச் சிறிய சென்சாருக்குச் செய்தவை. வட்டத்துக்குள் படம் எடுக்க விருப்பமானால் வாங்கலாம். வைடு வேண்டி சி மவுண்ட் பக்கம் போகாதீர்கள் என்பதே என் முடிவு.

மூன்றாவது வழிக்கு வருவதற்கு முன் அடாப்டரைப் பற்றிப் பேசவேண்டும். லென்ஸுக்குப் பல ஆயிரம் கொடுக்கிறவர்கள் அடாப்டரை மட்டும் கிடைத்த விலைக்கு வாங்குகிறார்கள். வெறும் இரும்பு வளையம்தானே என்ற எண்ணம்.

லென்ஸ் உட்காரும் உலோக முகத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரத்தை ஃபிளாஞ்ச் தூரம் என்கிறோம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்டுக்கு அது 19.25 மி.மீ. நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5. கேனான் ஈஎஃப் 44. பழைய கேனான் எஃப்டி 42. பென்டாக்ஸ் கே, திருகு மாடல் எம்42 இரண்டுக்கும் 45.46. இந்த எண்கள் எல்லாம் 19.25ஐ விடப் பெரியவை என்பதால்தான் நம் கேமராவில் ஏறக்குறைய உலகத்து ஸ்டில் லென்ஸ்கள் எல்லாமே உட்காருகின்றன. மிச்சமுள்ள தூரத்தை அடாப்டர் நிரப்புகிறது. நிக்கானுக்கு அந்த மிச்சம் 27.25 மி.மீ. சி மவுண்டின் தூரம் 17.526 மட்டுமே. அதனால் அந்த அடாப்டர் கேமராவின் வாய்க்குள்ளே இறங்கி உட்காரவேண்டியிருக்கிறது. பருமனான சி மவுண்ட் லென்ஸ்கள் அங்கே முட்டி நிற்பது இதனால்தான்.

இந்த 27.25 எவ்வளவு துல்லியமாக இருக்கவேண்டும்? இருபதில் ஒரு மில்லிமீட்டர், அதாவது 0.05 மி.மீ. பிசகினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். அது நம் தலைமுடியைவிட மெல்லிய அளவு. அடாப்டர் அந்த அளவுக்கு நீளமாகிவிட்டால், 50 மி.மீ. லென்ஸில் வளையத்தை முடிவிலிக்குத் திருப்பி வைக்கும்போது உண்மையில் ஃபோகஸ் 50 மீட்டரில் நிற்கும். யாருக்கும் தெரியாது. 24 மி.மீ. லென்ஸில் அது 11.5 மீட்டருக்கு வந்துவிடும். 10 மி.மீ. லென்ஸில் 2 மீட்டர். அதற்கு அப்பால் உள்ள தெரு, மரம், கோபுரம் எதையும் வளையத்தைத் திருப்பிப் பிடிக்கவே முடியாது. அடாப்டரின் பிசகு வைடு லென்ஸில்தான் பல மடங்காகத் தெரியும். நமக்கோ வைடுதான் தேவை.

இதைத் தவிர்க்க மலிவு அடாப்டர் செய்கிறவர்கள் வேண்டுமென்றே ஒரு துளி குட்டையாகச் செய்துவிடுகிறார்கள். அப்போது முடிவிலி நிச்சயம் கிடைக்கும். ஆனால் வளையத்தில் எழுதியிருக்கும் மீட்டர் எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும். டேப் பிடித்து அளந்து ஃபோகஸ் வைக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு அது பெரிய தொல்லை. நிக்கான் 24 மி.மீ., 28 மி.மீ. எஃப் 2.8 போன்றவற்றில் ஃபோகஸுக்கு ஏற்ப உள்ளிருக்கும் கண்ணாடிகளின் இடைவெளியும் மாறும். வளையம் தவறான இடத்தில் நின்றால் அந்த இடைவெளியும் தவறாகி, மூலைகளில் கூர்மை போகும். லென்ஸ் மோசம் என்று பழி வரும்.

புது அடாப்டர் வந்ததும் இரவில் மொட்டைமாடிக்கு எடுத்துச் செல்லுங்கள். தூரத்தில் ஒரு செல்போன் டவரின் சிவப்பு விளக்கு போதும். உங்களிடம் உள்ளதிலேயே வைடான லென்ஸை முழுக்கத் திறந்து, திரையில் பெரிதாக்கி, விளக்கு மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தைப் பாருங்கள். முடிவிலிக் குறிக்கு வெகு முன்னாலேயே அந்த இடம் வந்துவிட்டால் அடாப்டர் குட்டை. குறியில் வளையம் முட்டி நின்றும் புள்ளி சேரவில்லையென்றால் நீளம். குட்டையானதைச் சரிசெய்யலாம். பல அடாப்டர்கள் இரண்டு பாகங்களாகத் திருகாணி போட்டு இணைக்கப்பட்டவை. இடையில் மெல்லிய உலோகத் தாளை வளையமாக வெட்டி வைத்து மீண்டும் முடுக்கினால் போதும். சமையலறை அலுமினியத் தாளே முதல் முயற்சிக்குப் பொருந்தும். நீளமானதை வாங்கிய கடைக்கே திருப்பி அனுப்புங்கள்.

இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஆட்டம். லென்ஸை மாட்டிவிட்டு ஃபோகஸ் வளையத்தை முன்னும் பின்னும் திருப்பும்போது லென்ஸ் முழுவதும் நூலளவு அசைந்தால், ஒவ்வொரு ஃபோகஸ் மாற்றத்திலும் திரையில் படம் குதிக்கும். ஸ்டில் எடுப்பவருக்கு அது தெரியாது. வீடியோவில் அந்த ஷாட் பயன்படாது. மற்றொன்று, உள்பக்கத்துப் பளபளப்பு. பெரிய ஃபிலிமுக்கான லென்ஸ் உள்ளே வீசுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதி சென்சாருக்கு வெளியேதான் விழுகிறது. அது அடாப்டரின் சுவரில் பட்டுத் தெறித்தால் படத்தின் கறுப்பு எல்லாம் சாம்பலாகும். கறுப்பு வெல்வெட் தாளை அளவாக வெட்டி உள்ளே ஒட்டிப் பாருங்கள். பழைய லென்ஸ் என்றாலே வெளிறிப்போகும் என்று சொல்லிவந்தவர்கள் அதன் பிறகு அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இப்போது மூன்றாவது வழி. வீணாகும் அந்த வெளிச்ச வட்டத்தையே சுருக்கி, சென்சாருக்குள் கொண்டுவந்தால்? தொலைநோக்கிக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்த வேலை இது. பிரையன் கால்டுவெல் என்ற லென்ஸ் வடிவமைப்பாளரின் கணக்கில் உருவான ஸ்பீடு பூஸ்டரை 2013 ஜனவரியில் மெட்டாபோன்ஸ் அறிவித்தது. அதே பாக்கெட் கேமராவுக்கென்று பிறகு வந்த மாடல் குவியத்தூரத்தை 0.58 மடங்காக்குகிறது. 24 மி.மீ. லென்ஸ் 14 ஆகும். 20 மி.மீ. லென்ஸ் 11.6 ஆகும். அதாவது தறி வீட்டுக்குத் தேவையான வைடு, எந்த ஊரிலும் கிடைக்கிற ஒரு பழைய லென்ஸிலிருந்தே வந்துவிடுகிறது. வெளிச்சமும் சிறிய இடத்தில் குவிவதால் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் கூடுகிறது. எஃப் 2 லென்ஸ் எஃப் 1.2க்கு நெருங்கும். படம் சுருங்கும்போது லென்ஸின் குறைகளும் சேர்ந்து சுருங்குகின்றன. 1 மி.மீ.க்குள் 77 ஜோடிக் கோடுகள் வரை பதிவு செய்யக்கூடிய சென்சாருக்கு முன் பழைய கண்ணாடி திணறாமல் நிற்பதற்கு இது பெரிய துணை.

இரண்டு எச்சரிக்கை. பாக்கெட் கேமராவுக்கான அந்த மாடலில் பின்பக்கக் கண்ணாடி நன்றாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அதே மவுண்ட்தானே என்று வேறு கேமராவில் போடக்கூடாது, உள்ளே இடிக்கும். அடுத்தது, பூஸ்டரின் கண்ணாடித் தொகுதியைத் திருகி முன்பின் நகர்த்தி முடிவிலியைச் சரிசெய்யலாம், பூட்டுவதற்குச் சிறு திருகாணி இருக்கும். செகண்ட்ஹேண்டில் வாங்கினால் முந்தைய ஆள் அதை எங்கே நிறுத்தினார் என்று டவர் விளக்கில் பார்த்துவிட்டுத்தான் படப்பிடிப்புக்குக் கொண்டுபோகவேண்டும்.

எந்தக் குடும்பத்து லென்ஸ்? நான் நிக்கான் பக்கம் நிற்பவன். அவர்கள் எஃப் மவுண்ட் 1959இலிருந்து வருவதால் பழைய லென்ஸ்களுக்குக் குறைவில்லை. ஃபிளாஞ்ச் தூரம் 46.5 என்பதால் நாளைக்குக் கேமரா மாறினாலும், கேனான் ஈஎஃப் ஆனாலும் சோனி ஆனாலும், வேறொரு வளையம் போட்டு இதே லென்ஸ்களைத் தொடரலாம். கேனான் எஃப்டி லென்ஸ்கள் அருமையானவை, ஆனால் 42 மி.மீ. என்பதால் ஈஎஃப் மவுண்டில் நடுவே ஒரு கண்ணாடி இல்லாமல் முடிவிலி கிடைக்காது. நிக்கானில் 24 எஃப் 2.8, 28 எஃப் 2.8, 35 எஃப் 2, 50 எஃப் 1.4, 85 எஃப் 2, 105 எஃப் 2.5 எல்லாவற்றுக்கும் முன்வாய் 52 மி.மீ. ஒரே ஃபில்டர் செட் போதும். கொளுத்தும் வெயிலில் ஃபில்டர் மாற்றிக்கொண்டு நிற்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும். ஒரு குறை உண்டு: ஃபோகஸ் வளையம் சினிமா லென்ஸ்களுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதனால்தான் கலந்து வாங்காதீர்கள் என்கிறேன். ஒன்று கேனான், ஒன்று நிக்கான், ஒன்று ரஷ்யன் என்று பையில் இருந்தால் கை எந்தப் பக்கம் திரும்புவது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கும். நிறமும் ஒன்றுக்கொன்று ஒட்டாது.

அப்பர்ச்சர் வளையம் இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள். ஈஎஃப் லென்ஸ்களில் அப்பர்ச்சர் மின்சாரத்தில் இயங்குவது. வெறும் வளையத்தில் மாட்டினால் திறந்தபடியே நிற்கும். நிக்கான் ஜி லென்ஸ்களிலும் வளையம் கிடையாது, அடாப்டரில் உள்ள நெம்புகோலால் குத்துமதிப்பாக வைக்கவேண்டும்.

ரஷ்யன் என்றதும் ஹீலியோஸ் 44-2 ஞாபகம் வராமல் போகாது. 58 மி.மீ., எஃப் 2, ஜெர்மன் பயோடாரின் வழிவந்தது. பின்னணி சுழல்வது போலத் தெரிகிறதே, அதற்காகவே எல்லோரும் தேடுகிறார்கள். அந்தச் சுழல் படத்தின் ஓரங்களில்தான் பிறக்கிறது. நடுத்துண்டை மட்டும் எடுக்கும் சின்னச் சென்சாரில் அது அனேகமாக மறைந்துபோகும். சுழலுக்காக வாங்காதீர்கள். ஆனால் அதில் உள்ள இரட்டை அப்பர்ச்சர் வளையங்களில் ஒன்று 'கிளிக்' இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஓடும் ஷாட்டில் வெளிச்சத்தை மெல்ல மாற்ற அதைவிட எளிய ஏற்பாடு இல்லை.

வேகமான லென்ஸ் மோகத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம் ஊர் உச்சிவெயிலில், ஐஎஸ்ஓ 800இல், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி என்றால், சரியான அப்பர்ச்சர் எஃப் 64. அப்படி ஒரு எண் லென்ஸிலேயே இருக்காது. எஃப் 4க்கு வரவே 8 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் வேண்டும். அவ்வளவு அடர்த்தியான என்.டி. போட்டால், அகச்சிவப்பு ஒளி மட்டும் தடையில்லாமல் உள்ளே நுழைந்து கறுப்புத் துணியைப் பழுப்பாக்கும் சென்சார்கள் உண்டு. அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் ஐஆர் என்.டி. வாங்குங்கள். எஃப் 0.95க்குச் செலவிடும் காசில் பாதி இதற்குப் போகட்டும்.

வேகம் தேவைப்படுவது இரவில். தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். நான்கு ஹாலஜன், சில டியூப்லைட், அவ்வளவுதான். 25 ஃபிரேமுக்கு ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸோடு ஒத்துப்போய் டியூப்லைட் துடிப்பு தெரியாது. பூஸ்டரில் 35 எஃப் 2 போட்டால் அது 20 மி.மீ. 20 அடி தள்ளி உட்கார்ந்தால் 12 அடிக்கு மேல் தெரியும், கூத்துக் களம் ஏறக்குறைய முழுதும் வந்துவிடும். திரை விலகி, கட்டை வேடம் கட்டியவர் கிரீடத்துக் கண்ணாடிகள் மின்ன சுழன்றுகொண்டு முன்னால் வரும்போது, ஃபோகஸைப் பிடிப்பது கைதான். வளையத்தின் இரண்டு முனையிலும் உலோகம் உலோகத்தில் முட்டி நிற்கிறது. திரை இருக்கும் இடம் எங்கே, முன்விளிம்பு எங்கே என்று வெள்ளை டேப்பில் கோடு போட்டு வைத்தால், இரவு முழுக்க அந்தக் கோடுகள் மாறுவதில்லை. மின்சாரத்தில் சுற்றும் புது லென்ஸ் வளையங்கள் பலவற்றில் இந்த உறுதி கிடையாது. வேகமாகத் திருப்பினால் ஒரு இடம், மெதுவாகத் திருப்பினால் வேறு இடம். மேனுவல் லென்ஸை நான் விடாமல் பிடித்திருப்பது விலைக்காக இல்லை, இந்த உறுதிக்காக.

இவற்றை எங்கே தேடுவது? நம் சிறு ஊர் ஸ்டூடியோக்களில். நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எஃப்எக்ஸ்-3 என்று கல்யாணங்கள் எடுத்த கேமராக்கள் இன்னும் பீரோக்களில் இருக்கின்றன. வாங்கும் முன் டார்ச் அடித்து, லென்ஸின் பின்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளைவிட்டுத் தெரிந்தால் ஃபங்கஸ். ஓரத்தில் துளியளவு என்றால் சுத்தம் செய்யலாம். நடுவில் பரவிப் பூச்சை அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் பளபளக்கிறதா பாருங்கள். ஃபோகஸ் வளையம் இறுக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம், பழைய கிரீஸ் காய்ந்திருக்கும், மாற்றிவிடலாம். தொளதொளவென்று ஆடினால் வேண்டாம். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள், ஐப்பசி கார்த்திகையில் அந்தப் பொட்டலங்களை மறக்காமல் காயவையுங்கள்.

அப்பா நடத்திய ஸ்டூடியோவை மூடிவிட்டு அந்தப் பீரோவைப் பூட்டிவைத்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். ஃபிலிம் போனதோடு அந்த லென்ஸ்களின் காலமும் போய்விட்டது என்று எண்ணி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த மழைக்காலம் வருவதற்குள் பீரோவைத் திறந்து, ஒவ்வொன்றையும் வெயிலில் சற்று நேரம் வைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். உங்களுக்குத் தேவையில்லையென்றால், கையில் சின்னக் கேமரா வைத்துக்கொண்டு லென்ஸுக்குக் காசில்லாமல் இருக்கும் ஒரு பையனோ பெண்ணோ உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். கூப்பிட்டுக் கொடுங்கள்.